முதல் கண்ணு

“எழுபத்திரெண்டு!”

ஜக்கம்மாள் சொளகைப் படக்கென்று தரையில் வைத்தாள்.

“ஒரு சொளகு மல்லி புடைச்சு எடுக்கிறதுக்குள்ள எழுபத்திரெண்டு தடவை கண்ணைக் கொட்டிட்டா. நேத்து அம்பத்தாறு. முந்தாநேத்து நாப்பது. நான் என்ன பொய்யா சொல்றேன்? ஏத்தா சங்கரம்மா, நீயே எண்ணிப் பாரு.”

சங்கரம்மாள் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. பதினைந்து நாளாக அவள் வேறெதையும் பார்க்கவில்லை. கைக்கம்பு கொத்தமல்லிச் செடியை அடித்துக்கொண்டிருக்கும். கண் மட்டும் களத்தோரத்து உடைமர நிழலில் உட்கார்ந்திருக்கும் மகள்மேல்தான்.

குருவம்மாளுக்கு ஏழு வயது. அத்தை எண்ணுகிறாள் என்று தெரிந்ததும் அடக்கிப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். முழியை உருட்டி விரித்தாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்றாவது மூச்சில் இமைகள் படபடவென்று சேர்த்து அடித்தன.

“எழுபத்தெட்டு,” என்றாள் ஜக்கம்மாள்.

“ஏ கழுதை, கொட்டாதடி!” என்று கம்பை ஓங்கினான் கருத்தப்பாண்டி. பெற்றவன்தான். அவன் குரலில் இருந்தது கோபமில்லை, பயம். ஆனால் ஏழு வயதுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியும்? பிள்ளை தலையைக் கவிழ்த்துக்கொண்டது. கவிழ்ந்த தலைக்குள் இமைகள் இன்னும் வேகமாக அடித்துக்கொண்டதைச் சங்கரம்மாள் பார்த்துவிட்டாள்.

இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு துளி தூசி. எழுபத்தோராம் வருசத்து மாசியில் திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் பூராவும் மல்லி நன்றாக விளைந்திருந்தது. அவர்கள் ஊர் வெள்ளையம்பட்டியில் எந்தக் களத்துக்குப் போனாலும் மல்லி வாசம். வாசம் இருக்கிற இடத்தில் சுணையும் இருக்கும். செடி அடிக்கும்போது பறக்கிற அந்தச் சுணை கண்ணில் விழுந்தால் பெரியவர்களே குதிப்பார்கள். முதல் நாள் அடிப்பில் குருவம்மாளின் வலது கண்ணில் விழுந்தது. சங்கரம்மாள் இமையைத் தூக்கி, முந்தானை நுனியால் ஒற்றி எடுத்து, பானைத் தண்ணீரை அடித்துக் கழுவிவிட்டாள். சாயங்காலம் பிள்ளை சிரித்துக்கொண்டுதான் கம்மங்கஞ்சி குடித்தது. மறுநாள் காலையில் கொட்ட ஆரம்பித்தது. ஒரு கண் இல்லை, ரெண்டும்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார், “என்னையவா கேலி பண்ற?” என்று பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தினார். பையன்கள் “கண்ணடிச்சான் குருவி” என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் வீடு வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் ஜக்கம்மாள் பதறிப்போனாள். கருத்தப்பாண்டியின் அக்காள் அவள். மல்லாங்கிணற்றில் கட்டிக்கொடுத்திருந்தது. மல்லி அடிப்புக்கு ஒரு மாதம் தம்பி வீட்டில் வந்து நின்று உழைத்துவிட்டுப் போகிறவள். களத்தில் இன்றைக்கும் அதே பதற்றம்தான்.

“இன்னைக்குச் சின்னப்பிள்ளை, சரி. நாளைக்குச் சமைஞ்சு நிக்கிறப்ப ஊரு என்ன சொல்லும்? கருத்தப்பாண்டி மக போறவன் வாரவனையெல்லாம் பாத்துக் கண்ணடிக்கிறாம்பாக. எவன் கட்டுவான்? சொல்லு தம்பி, எவன் கட்டுவான்?”

“அதுக்கு என்னக்கா செய்யச் சொல்ற?”

“காரியாபட்டிக்குச் சொல்லியனுப்பு. நல்லகண்ணு வைத்தியரு வெள்ளிக்கிழமை வரட்டும். ரெண்டு சொட்டு பச்சிலை ஊத்துனா போதும், கொட்டுறது நின்னுபோகும்.”

சங்கரம்மாள் கையிலிருந்த கம்பு நின்றது.

அவள் தம்பி தனுஷ்கோடிக்கு ஆறு வயதில் கண்நோவு வந்தது. நல்லகண்ணுவின் தகப்பனார்தான் வந்து பச்சிலை பிழிந்து ஊற்றினார். மூன்றாம் நாள் இடது கண் சோழி மாதிரி வெளுத்துவிட்டது. இன்றைக்கும் தனுஷ்கோடி பஸ்ஸுக்கு நிற்கும்போது தலையை முழுக்கத் திருப்பித்தான் பார்ப்பான்.

“மதினி, பச்சிலை வேண்டாம்,” என்றாள்.

“உன் தம்பி கதையை எடுக்காத. அது அவன் விதி. இந்தா, எங்க ஊருல எத்தனை பேருக்கு ஊத்தி நல்லாயிருக்கு!”

“ஏங்க, நீங்க சொல்லுங்க,” என்று புருசனைப் பார்த்தாள்.

கருத்தப்பாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தான். “நீ பதினஞ்சு நாளா பாத்துக்கிட்டுத்தான இருக்க? கூடுதா, குறையுதா?”

“கூடுது.”

“அப்புறம் என்ன? வெள்ளிக்கிழமை ஊத்திருவோம்.”

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. விளக்கு வைத்ததும் ஜக்கம்மாள் பிள்ளையை வாசலில் உட்காரவைத்துச் சுற்றிப்போட்டாள். கல்லுப்பு, வத்தல், முச்சந்தி மண். வலமும் இடமும் மும்மூன்று தரம். “தாய் கண்ணு, தகப்பன் கண்ணு, நாய் கண்ணு, நரி கண்ணு, ஊரு கண்ணு, உறவு கண்ணு, கொள்ளிக்கண்ணு எல்லாக் கண்ணும் கருகிப் போகணும்...” செவ்வாயும் வெள்ளியுமாக இது நாலாவது தடவை. வத்தல் அடுப்பில் வெடித்துப் புகைந்தது. பிள்ளை இருமிக்கொண்டே கண்ணைக் கசக்கிக் கசக்கிக் கொட்டியது. எதிரே குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சங்கரம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கு இன்னும் இரண்டு பகல்தான் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் ஒரு ஜீப் வந்தது. குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் கண்புரைக்கு இலவச முகாம் நடக்கிறதாம், கண் தெரியாத பெரியவர்களை அழைத்து வரலாமாம். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. சங்கரம்மாள் அந்தப் புழுதி அடங்கும்வரை நின்றாள்.

“நாளைக்குச் சாமிக்கு விளக்குப் போட்டுட்டு வாரேங்க. திருச்சுழி வரைக்கும். பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன்,” என்றாள் புருசனிடம். கல்யாணமாகிப் பத்து வருசத்தில் அவனிடம் சொன்ன முதல் பொய்.

வியாழக்கிழமை, பள்ளிக்கூட மைதானத்தில் நூறு கிழவன் கிழவிகள். ஒவ்வொருவர் சட்டையிலும் ரவிக்கையிலும் ஒரு அட்டை குத்தியிருந்தது. அந்த வரிசையில் ஏழு வயதுக்குக் குருவம்மாள் ஒருத்திதான். அட்டை எழுதிய நர்ஸ் கஸ்தூரி நிமிர்ந்து பார்த்தாள்.

“யாருக்கும்மா புரை? கூட வந்த பெரியவுக எங்க?”

“பெரியவுக யாரும் இல்லம்மா. இவதான்.”

“இவளுக்கா? இது என்ன பல்லு முளைக்கிறதுக்குள்ள நரைச்ச கதையால்ல இருக்கு!”

வரிசையில் நின்ற கிழவிகள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு எல்லாரும் குனிந்து பிள்ளையின் கண்ணைப் பார்த்தார்கள். அது படபடத்தது.

டாக்டரம்மாள் கண்ணாடி போட்டவர். காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறவர். இமையைப் பிதுக்கித் திருப்பிப் பார்த்தார். டார்ச் அடித்தார். தூரத்தில் மாட்டியிருந்த அட்டையில் முக்கால் வட்டத்துக்கு வாய் எந்தப் பக்கம் என்று கேட்டார். கொட்டிக்கொண்டே அடிவரிசை வரை சரியாகக் காட்டினாள் குருவம்மாள்.

“கண்ணுல ஒண்ணும் இல்ல.”

சங்கரம்மாளுக்குச் சுருக்கென்றது. “ஒண்ணும் இல்லைன்னா ஏம்மா கொட்டுறா?”

“எத்தனை நாளா?”

“இன்னையோட பதினேழு.”

“தூங்கும்போது?”

“அப்ப மூடித்தானம்மா இருக்கும்?”

நர்ஸ் கஸ்தூரி வாயைப் பொத்தினாள். டாக்டரம்மாளும் சிரித்துவிட்டார். “சரி, சாப்பிடும்போது?”

“கொட்டுறாம்மா. பக்கத்துலயே உக்காந்து பாத்தேன்.”

“விளையாடும்போது?”

“கொட்டுறா. வேலிக்கு இந்தப் பக்கமா நின்னு பாத்தேன்.”

“நீங்க பாக்காதப்போ?”

“பாக்காதப்போ எப்படிம்மா எனக்குத் தெரியும்?”

டாக்டரம்மாள் டார்ச்சை மேசைமேல் வைத்தார். வகுப்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “கஸ்தூரி, நாலாம் வகுப்புல சந்தனம் தாத்தா தண்ணி தண்ணின்னு கத்துறார். பாப்பா கொண்டுபோய்க் குடுக்கட்டும். நீங்க வராதீங்கம்மா. இங்க வந்து, இந்தத் தட்டிக்குப் பின்னால நில்லுங்க,” என்றார்.

கீற்றுத் தட்டியில் ஒரு விரல் நுழைகிற ஓட்டை. அதில் கண்ணை வைத்தாள் சங்கரம்மாள்.

நாலாம் வகுப்பில் பெஞ்சுகளை ஓரங்கட்டிப் பாய் விரித்திருந்தார்கள். ஆப்பரேஷன் முடிந்தவர்கள் இரண்டு கண்ணும் கட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தார்கள். அசையக் கூடாது என்று உத்தரவு. மூன்று நாளாக அசையாமல் கிடந்து சந்தனம் கிழவருக்கு உலகத்தின்மேலேயே கோபம்.

“ஏலே, எவன்டா அது?”

“நான் பொம்பளைப் பிள்ளை தாத்தா. தண்ணி கொண்டாந்திருக்கேன்.”

“பொம்பளைப் பிள்ளையா? வாத்தா. உனக்காச்சும் கண்ணு திறந்திருக்கா?”

“திறந்திருக்கு.”

“அப்ப வெளியில என்ன சத்தம், பாத்துச் சொல்லு.”

குருவம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறினாள். “பஸ்ஸு தாத்தா. அருப்புக்கோட்டை பஸ்ஸு. மேல கூடை இருக்கு. கூடைக்குள்ள கோழி.”

“எத்தனை கோழி?”

“இருங்க... அஞ்சு, ஆறு... ஏழு. ஒண்ணு மட்டும் கழுத்தை வெளிய நீட்டுது. கீழ கண்டக்டரு நிக்காரு. ஐயையோ, கொத்தப் போகுது, கொத்தப் போகுது...”

“எங்கன? தலையிலயா?”

“கொத்திருச்சு! அவரு மேல பாக்காரு, அது உள்ள போயிருச்சு. பக்கத்துல நிக்கிற ஆளை வையிறாரு தாத்தா!”

“பக்கத்து ஆளையா? வையட்டும், வையட்டும்!” கிழவர் அசையாமல் சிரிக்கப் பார்த்து வயிறு குலுங்கினார். “அப்புறம்?”

தட்டிக்குப் பின்னால் சங்கரம்மாளின் இரண்டு கையும் தன்னாலே மேலும் கீழும் அசைந்தன. இல்லாத சொளகைப் பிடித்து இல்லாத மல்லியைப் புடைத்தாள். ஒரு சொளகு. எண்ணினாள். நம்பிக்கையில்லாமல் இன்னொரு சொளகு புடைத்தாள்.

ஒன்பது. இரண்டாவதில் பத்து.

“எத்தனை?” என்றார் டாக்டரம்மாள் பின்னாலிருந்து.

“ஒரு சொளகுக்கு ஒம்பதும்மா.”

“சொளகு எனக்குத் தெரியாது. ஆனா எனக்கும் அவ்வளவுதான் கொட்டும், உங்களுக்கும் அவ்வளவுதான். தூசி விழுந்துச்சு, போயிடுச்சு. கண்ணுக்கு அந்தப் பழக்கம் தங்கிடுச்சு. தானா மறக்கிறதை ஆளாளுக்கு ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கீங்க. நெருப்பை ஊதுற மாதிரி.”

“என்ன மருந்தும்மா?”

“பாக்காதீங்க. எண்ணாதீங்க. கொட்டாதேன்னு சொல்லாதீங்க. அடிக்காதீங்க. ஒரு மாசம் வீட்டுல யாரும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. புகையில உக்கார வைக்காதீங்க. பச்சிலை, பாலு, எண்ணெய், எதையும் கண்ணுல ஊத்தாதீங்க. கண்ணு செவந்தாலோ, பூளை தள்ளினாலோ, கண்ணோட மூஞ்சியும் சேர்ந்து இழுத்தாலோ பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். மாசம் ரெண்டாகியும் நிக்கலைன்னாலும் வந்து காட்டுங்க. போங்க, பின்னால நூறு பேரு நிக்கிறாங்க.”

திரும்பும் பஸ்ஸில் பிள்ளை ஜன்னலோரம். சங்கரம்மாள் முன்சீட்டுக் கம்பியை வெறித்துக்கொண்டே வந்தாள். பாக்காதே. சொல்லிவிட்டார்கள். பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் இருப்பது என்ன, பத்தியமா? இரண்டு மைல் தாங்கினாள். மூன்றாவது மைலில் கடைக்கண் போய்விட்டது. பிள்ளை அதே நேரம் திரும்பியது. படபட.

இவளாலேயே முடியவில்லை. நாளைக்குப் புருசன், மதினி, வைத்தியர் மூன்று பேரையும் எப்படி நிறுத்துவது?

ராத்திரிச் சோற்றோடு எல்லாவற்றையும் சொன்னாள். பொய் சொன்னதையும் சொன்னாள். கருத்தப்பாண்டி பாதிச் சோற்றில் கையை உதறினான். “பாக்காம இருக்கிறது ஒரு வைத்தியமா? ஆளை விட்டாப் போதும்னு அனுப்பியிருக்காக. பேசாம படு.”

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுமுன்னே நல்லகண்ணு வைத்தியர் சைக்கிளில் வந்து இறங்கினார். ஐம்பது வயது. நெற்றி நிறையத் திருநீறு. மடியிலிருந்து இலையை எடுத்துக் கழுவிக் கல்லில் வைத்து நசுக்கினார். துணியில் கட்டித் தேங்காய்ச் சிரட்டையில் பிழிந்தார். கரும்பச்சையாக இறங்கியது சாறு. அதன் காட்டமான நெடி வாசல்வரை வந்தது.

“பிள்ளையை மடியில வச்சுக் கையைப் பிடிச்சுக்கோத்தா. துள்ளும்.”

சங்கரம்மாள் பிள்ளையை மடியில் வாங்கினாள். அந்த நெடி அவளுக்குத் தெரியும். இருபது வருசத்துக்கு முந்தி தனுஷ்கோடியின் காலைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

“ஊத்த முன்னாடி ஒருவாட்டி சுத்திப்போட்டுருவோம். கண்ணு கழிஞ்சாத்தான் மருந்து பிடிக்கும்,” என்றாள் ஜக்கம்மாள். உப்பும் வத்தலும் மண்ணும் கையில் வந்தன. கை சுற்றியது.

“தாய் கண்ணு, தகப்பன் கண்ணு...”

“நில்லுங்க மதினி!”

குரல் தன்னுடையதுதானா என்று சங்கரம்மாளுக்கே சந்தேகம்.

“என்னடி?”

“இப்ப என்ன சொன்னீக? முதல்ல யாரு கண்ணு?”

“என்னத்தைக் கேக்குற? தாய் கண்ணு. எப்பவும் சொல்றதுதான.”

“அதான் மதினி, எப்பவும் சொல்றதுதான். நாலு தடவை சொன்னீக, நானும் எதிர்ல உக்காந்து கேட்டேன். ஊருக்கண்ணு உறவுக்கண்ணுன்னு தேடுனோமே, நாய்க்கும் நரிக்கும் முன்னால யாரு பேரு வருது? பதினெட்டு நாளா இவளை வச்ச கண்ணு எடுக்காமப் பாத்தது யாரு? நான்தான. ஊரான் கண்ணு ஒருநாள் பட்டுட்டுப் போயிரும். என் கண்ணு உக்கார்ற இடத்துல, திங்கிற இடத்துல, தூங்குற இடத்துல எல்லாம் பட்டுச்சே! இது தாய்க்கண்ணு மதினி. என் கண்ணுதான் என் பிள்ளையைத் தின்னுது.”

ஜக்கம்மாளின் கை பிள்ளையின் தலைக்குமேல் அப்படியே நின்றது. உப்பு இரண்டு கல் உதிர்ந்தது.

“அந்த டாக்டரம்மா வேற என்ன சொல்லுச்சு? பாக்காதேன்னுதான சொல்லுச்சு? நீங்க சொல்றதையேதான் அவுகளும் சொல்லியிருக்காக.”

கருத்தப்பாண்டி அக்காளைப் பார்த்தான். அக்காள் வைத்தியரைப் பார்த்தாள்.

சங்கரம்மாளும் அவர் பக்கம் திரும்பினாள். “வைத்தியரே, தாய்க்கண்ணுக்குப் பச்சிலை உண்டா? உங்க அய்யா எந்தம்பி தனுஷ்கோடிக்கு ஊத்துனாக. அது என்ன கண்ணுன்னு கேட்டுட்டா ஊத்துனாக?”

நல்லகண்ணு சிரட்டையைப் பார்த்தார். தனுஷ்கோடி என்ற பேர் அவர் வீட்டிலும் புழங்கியிருக்க வேண்டும். சிரட்டையை மெதுவாகத் தரையில் வைத்தார்.

“தாய்க்கண்ணுன்னா... அதுக்கு இலை கிடையாதுத்தா. அது தானாத்தான் இறங்கணும். தாய் முகத்தைத் திருப்பிக்கணும்.” துண்டை உதறித் தோளில் போட்டார். “ஒரு மாசம் பாருங்க. நான் வாரேன்.”

சைக்கிள் போனதும் ஜக்கம்மாள் சாற்றை எடுத்துப் போய்க் குப்பைமேட்டில் கொட்டினாள். வந்ததும் வராததுமாகத் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏலே பாண்டி, அங்க என்ன பார்வை? ரெண்டாவதா யாரு பேரு வருது? தகப்பன் கண்ணு! திரும்புடா அந்தப் பக்கம்!”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஜக்கம்மாள்தான் போலீஸ். எண்ணிக்கொண்டிருந்தவள், எவன் பார்க்கிறான் என்று காவல் காத்தாள். பள்ளிக்கூடத்துக்கே போய், “வாத்தியாரய்யா, தாய்க்கண்ணு கழிக்கிறோம், நீங்களும் கொஞ்சம் கரும்பலகையைப் பாத்தே பாடம் நடத்துங்க,” என்று சொல்லிவிட்டு வந்தாள். வாத்தியார் சிரித்தார். ஆனாலும் பெஞ்சுமேல் ஏற்றுவது நின்றது. வத்தல் புகையும் நின்றது, கண் கழிகிறவரை சுற்றக் கூடாது என்று அவளே சட்டம் போட்டாள்.

சங்கரம்மாளுக்குத்தான் அது மாசமில்லை, யுகம். சோறு வைக்கும்போது வட்டிலைப் பார்த்தாள். பேசும்போது பிள்ளையின் கால்விரலைப் பார்த்தாள். இன்றைக்குக் குறைந்திருக்குமா, கூடியிருக்குமா? கேட்கவும் ஆளில்லை. பார்த்தவர் எவரும் சொல்லக் கூடாது. ஒரே ஒரு வழி கண்டுபிடித்தாள். தலை சீவிவிடும்போது பிள்ளை முன்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். பின்தலையைப் பார்ப்பதில் குற்றமில்லை. பத்து நிமிஷத்து ஜடையை அரைமணி நேரம் பின்னினாள். பின்னி, அவிழ்த்து, மறுபடி பின்னினாள்.

மல்லி மூட்டை கட்டி அருப்புக்கோட்டைக்கு ஏறியது. ஜக்கம்மாள் மல்லாங்கிணற்றுக்குப் பஸ் ஏறினாள். பங்குனிப் பொங்கலுக்குக் கொட்டு முழங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஜடை பின்னி முடிந்ததும் குருவம்மாள் எழுந்து போகவில்லை.

“எம்மா.”

“ம்.”

“எம்மேல கோவமா?”

“இல்லத்தா. என்னத்துக்குக் கோவம்?”

“அப்ப ஏன் என்னையப் பாக்கவே மாட்டேங்குற?”

சங்கரம்மாள் சீப்பிலிருந்த முடியை உருவிக்கொண்டே இருந்தாள். சின்னக் கைகள் இரண்டு வந்து அவள் தாடையைப் பிடித்தன. வெடுக்கென்று திருப்பின. ஒரு மாதமாகப் பார்க்காத முகம், ஒரு சாண் தூரத்தில்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நிறைந்தது தெரியக் கூடாதென்று இமையை அடித்தாள். அடங்கவில்லை. இன்னும் அடித்தாள்.

“எம்மா, ஏன் இப்படிக் கண்ணைக் கொட்டுற?”

“சுணை விழுந்துருச்சுத்தா. மல்லிச் சுணை.”

“மல்லிதான் முடிஞ்சுபோச்சே!” என்றாள் குருவம்மாள். முழங்காலில் எழுந்து நின்று, பெரிய மனுசி மாதிரி தாயின் இமையை இரண்டு விரலால் தூக்கினாள். “கொட்டாத. ஊதிவிடுறேன். மேல பாரு... என்னையப் பாரும்மா.”

பார்த்தாள். பிள்ளை கன்னத்தை உப்பிக்கொண்டு, அம்மாவின் கண்ணுக்குள் ஒளிந்திருக்கும் தூசியைத் தேடிக்கொண்டிருந்தது. கறுத்த பெரிய கண்கள் இரண்டும் அகலமாய்த் திறந்திருந்தன. இடையில் ஒருதரமோ இருதரமோ இமை இறங்கி ஏறியிருக்கும்.

சங்கரம்மாள் எண்ணவில்லை.